மாதம் ஒரு படம்: வாக்கெடுப்பை நிறுத்துவோமா?

வாவிக்கரை எழுதியது:

நம் கூட்டத்தில் அடுத்த மாதம் காட்டும் படத்துக்கான வாக்கெடுப்பை நான் தொடங்கப்போவதில்லை. தொடங்கினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர்கள் வந்து குவியும். எல்லோரும் பார்த்த, எல்லோருக்கும் பிடித்த ஒன்று வெல்லும். அதற்கு வாக்களித்தவர்களிலேயே பாதிப்பேர் "பார்த்த படம்தானே" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். வருகிறவர்கள் முன்பு எழுதியதையே கொஞ்சம் துடைத்து மறுபடி எழுதுவார்கள். படம் பற்றி எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் ஒருவருக்கும் ஒரு புதுப் படம்கூட அறிமுகமாகவில்லை என்றால், மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வந்து கதிரை அடுக்குவது எதற்கு?

அதனால் முறை வைப்போம். ஒரு மாதம் ஒருவர். அவர் சொல்வதுதான் படம். மற்றவர்களுக்கு மறுக்கும் உரிமை இல்லை. ஆனால் பொறுப்பு முழுவதும் அவருடையது. பிரதி தேடுவது, சப்டைட்டிலை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, தொடக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பேசுவது எல்லாம் அவர் தலையில்.

இன்னொன்றும் வேண்டும். படம் முடிந்தவுடன் யாரும் வாய் திறக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் ஆளுக்கொரு கடதாசியில் எழுத வேண்டும். அதன்பிறகு பேசலாம். சென்ற கூட்டத்துக்குப் பிறகு வந்த கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பாருங்கள். முதலில் எழுந்து பேசியவர் சொன்னதைத்தான் எல்லோரும் தங்கள் கருத்தாக எழுதியிருக்கிறார்கள். அவர் நன்றாகப் பேசினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு படத்துக்கு ஒரே கட்டுரைதான் வருமென்றால் நாம் இத்தனை பேர் எதற்கு?

கல்லடிக்காரன் எழுதியது:

முறை வைத்தால் யாராவது ஒருவர் மூன்றரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்து நிற்பார். அதில் ஒரு மாடு இருபது நிமிடம் நடக்கும். சனிக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டு வருகிறவன் நான். நித்திரை கொள்வதற்கு எனக்கு வீட்டில் நல்ல கட்டில் இருக்கிறது.

வாக்கெடுப்பு என்றால் குறைந்தபட்சம் தோற்றுப்போன ஆறுதலாவது கிடைக்கும். ஒருவர் முடிவெடுத்து மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

பதினைந்து நிமிடம் எழுதுவது பற்றி: சாதாரண தரப் பரீட்சையோடு அந்தத் தொல்லை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்து வெளியே வந்து ஒரு பிளேன்ரீயோடு சண்டை பிடிப்பதுதான் எனக்குப் படம் பார்ப்பதில் பாதி. அதைப் பிடுங்காதீர்கள்.

பழைய ஒப்பரேட்டர் எழுதியது:

தம்பிமாரே, நான் எழுதுகிறவன் இல்லை, ஓட்டியவன். தியேட்டரில் இரண்டு இயந்திரம் நிற்கும். 35 மில்லிமீற்றர் சுருள் ஒன்று இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி கண் சிமிட்டும். அது மற்ற இயந்திரத்தின் மோட்டாரை இயக்கச் சொல்வது. ஏழெட்டுச் செக்கன் கழித்து இரண்டாவது புள்ளி. அதோடு மாற்ற வேண்டும். கார்பன் குச்சி இரண்டுக்கும் இடையில் நெருப்பு நிற்கும், அது எரிய எரிய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்குப் படம் நல்லதா கெட்டதா என்று யோசிக்க நேரம் கிடையாது. ஆனாலும் எந்த இடத்தில் சனம் கதிரையில் அசையத் தொடங்குகிறது என்று ஓட்டைக்குள்ளால் தெரியும்.

அதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் கூட்டத்துக்கு நானும் இரண்டொரு தடவை வந்தேன். படம் ஓடும்போதே எழுதுகிறீர்கள். கைத்தொலைபேசி வெளிச்சம் வரிசை வரிசையாக மின்னுகிறது. முடிந்த பிறகு எழுதச் சொன்னால் அதற்காவது தலையை நிமிர்த்திப் பார்ப்பீர்கள். நான் வாவிக்கரையின் பக்கம்.

மருதமுனை வாசகி எழுதியது:

படத்தை யார் தேர்ந்தாலும் எனக்குச் சரி. எத்தனை மணிக்கு முடிகிறது என்பதுதான் என் கேள்வி. கல்முனைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 40 கிலோமீற்றர். ஆறரைக்குத் தொடங்கி, படம் இரண்டு மணி நேரம், பேச்சு ஒரு மணி நேரம் என்றால் நாங்கள் இரண்டு பெண்கள் பஸ்ஸைத் தேடி எங்கே நிற்பது? கடந்த தடவையும் அதற்கு முந்திய தடவையும் பேச்சு தொடங்கும்போதே எழுந்து போனோம். அடுத்த வாரம் பார்த்தால், "பெண்கள் யாரும் கருத்துச் சொல்லவில்லை" என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறது. கருத்து பஸ்ஸில் இருந்தது.

பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்குங்கள். அல்லது ஒரு மாதம் கல்லடி, ஒரு மாதம் கல்முனை என்று மாற்றுங்கள். நாற்பது கிலோமீற்றர் உங்களுக்கும் அதே நாற்பதுதான்.

நோன்பு மாதத்தில் மாலைக் காட்சி வைத்தால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாட்களில் உங்கள் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே இரண்டு நாட்காட்டியையும் மேசையில் வைத்துத் தேதி குறித்தால் என்ன?

கல்லடிக்காரன் எழுதியது:

தங்கச்சி சொல்வது நியாயம். பேச்சு ஒன்பதரைவரை போனதற்கு நானும் ஒரு காரணம். முழுநிலவு நாளான போயா விடுமுறையில் வைத்தால் எல்லோருக்கும் பகல் ஓய்வாக இருக்கும், மாதம் ஒன்று தானாகவே வரும், தேதி நினைவூட்டவும் தேவையில்லை. ஆனால் வெளியில் திரை கட்டினால் முழுநிலவு வெளிச்சத்தில் படம் வெளிறிப்போகாதா?

தாண்டவன்வெளி எழுதியது:

பௌதிகம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் நிலவுக்காக வாதாட வருகிறேன். முழுநிலவு உச்சியில் நின்றாலும் தரையில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ் அளவில்தான். லக்ஸ் என்றால் ஒரு சதுர மீற்றரில் விழும் லூமன். நம்மிடம் இருக்கும் புரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சம் 3000 லூமன். மூன்று மீற்றர் அகலத் திரை என்றால் பரப்பளவு ஏறத்தாழ ஐந்து சதுர மீற்றர். கணக்குப்படி 600 லக்ஸ்; குமிழ் பழசாகிவிட்டது, பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 300க்கு முன்னால் கால் என்ன செய்யும்? நிலவு அப்பாவி. மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தெருவிளக்குத்தான் குற்றவாளி.

சிக்கல் தங்கச்சி கேட்ட மூன்றரை மணியில்தான் இருக்கிறது. பகலில் யன்னல் திறந்த மண்டபத்தில் 100 லக்ஸ் சாதாரணமாக இருக்கும். திரையில் கறுப்பு என்று எதுவும் மிஞ்சாது, எல்லாம் சாம்பல். இரவுக் காட்சிகள் அதிகமுள்ள படம் என்றால் யார் யாரை வெட்டினான் என்றே தெரியாது. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைக்க வேண்டும். தைத்தால் காற்று வராது. மின்விசிறியைக் கூட்டினால் வசனம் கேட்காது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் துணியைத் தேர்கிறேன், வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

வெளியில் கட்டுவதென்றால் இன்னொரு விடயம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தூக்கும்போது துணித்திரை பாய்மரமாகிவிடும். நடிகர்களின் முகம் எல்லாம் வயிறு ஊதும். சுண்ணாம்பு அடித்த மதில் ஆயிரம் மடங்கு மேல். நவம்பரிலிருந்து ஜனவரிவரை வெளியில் நினைக்கவே வேண்டாம், வாடைமழை நம் நேரசூசியைக் கேட்டுப் பெய்வதில்லை.

அமிர்தகழி எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், பாலு மகேந்திரா பிறந்த ஊரில் இருந்துகொண்டு அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. 1939இல் அமிர்தகழியில் பிறந்தவர், புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர், புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு கற்றவர். கோகிலாவுக்கும் மூன்றாம் பிறைக்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கியவர். 2014 பெப்ரவரி 13இல் காலமானார். ஒவ்வொரு பெப்ரவரியும் அவர் படம் ஒன்று என்று எழுதாத சட்டமாக வைப்போம். முறையும் வேண்டாம், வாக்கும் வேண்டாம், அந்த மாதம் அவருக்கு.

வாவிக்கரை எழுதியது:

அமிர்தகழி அண்ணன், அவர் படம் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நினைவுதினமாக வேண்டாம் என்கிறேன். நினைவுதினம் என்றால் மாலை வரும், குத்துவிளக்கு வரும், யாராவது தலைமை தாங்க வருவார், படம் ஒன்பது மணிக்குத் தொடங்கும். மறுநாள் எல்லோரும் "மண்ணின் மைந்தன்" என்று எழுதுவார்கள். அவருடைய படத்தில் குறை ஒன்றைக்கூட அன்றைக்கு ஒருவரும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத கூட்டத்தில் ரசனை எங்கே வளரும்?

அவருடைய 'வீடு' (1988) காட்டியபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாங்கள் பாடல் இல்லாத தமிழ்ப் படம், இயற்கை வெளிச்சம், அர்ச்சனாவின் நடிப்பு என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். பின் வரிசையில் அயலில் இருந்து வந்த இரண்டு அம்மாமார் இருந்தார்கள். 2004 கடற்கோளுக்குப் பிறகு டச்பார் பக்கம் வீடு கட்டியவர்கள். கட்டுமானக் காட்சிகள் வந்ததிலிருந்து அவர்கள் தங்களுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். இத்தனை மூடை சிமெந்து இந்த அத்திவாரத்துக்குக் காணாது, இந்த மேசனை நம்பக் கூடாது, மணல் ஈரமாக இருக்கிறது. கதாநாயகி சுதா கடனுக்கு அலையும் இடத்தில் ஒருவர், "கட்டம் கட்டமாகத்தான் தருவார்கள், கூரைக்கு வரும்போது கை காய்ந்துவிடும்" என்றார். அந்தப் படத்தைப் பற்றி அதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கும் வாசிக்கவில்லை. எங்கள் கட்டுரைகள் எதிலும் அது வரவில்லை. ஏனென்றால் அவர்களை யாரும் பேசச் சொல்லவில்லை. முதலில் பேசியவருக்குக் கைதட்டிவிட்டுப் போய்விட்டோம்.

பதினைந்து நிமிடம் எழுதச் சொல்வது இதற்காகவும்தான். எழுத விரும்பாதவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லலாம், அவர் எழுதிக்கொள்ளட்டும்.

கல்லடிக்காரன் எழுதியது:

அம்மாமார் கதை நல்ல கதை. ஆனால் அதில் உங்களுக்கே எதிரான சாட்சி இருக்கிறது. அவர்கள் படம் ஓடும்போதே பேசினார்கள். நீங்கள் கொண்டுவரும் மௌன விரதத்தில் அந்த வசனம் பிறந்தே இருக்காது. கூத்துக் களரியில் விடிய விடிய இருக்கும் சனம் வாயைப் பொத்திக்கொண்டா இருக்கிறது? வடமோடிக் கூத்துக்கு ஒரு கட்சி, தென்மோடிக் கூத்துக்கு ஒரு கட்சி, கூத்தை நடத்தும் அண்ணாவியார் பிழைவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லும் கிழவர் ஒருவர். இந்த ஊரில் பார்ப்பது என்றாலே பேசிக்கொண்டு பார்ப்பதுதான்.

பழைய ஒப்பரேட்டர் ஐயா மன்னிக்க வேண்டும்.

பழைய ஒப்பரேட்டர் எழுதியது:

மன்னிக்க என்ன இருக்கிறது மகன். சனம் பேசினால் படத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கைத்தொலைபேசியைப் பார்த்தால் வெளியில் இருக்கிறது என்று அர்த்தம். நான் இரண்டாவதைத்தான் ஏசினேன்.

தென்கோடி எழுதியது:

அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். மட்டக்களப்புக்காரர் கல்முனையையே தூரம் என்கிறீர்கள், அதற்கும் தெற்கில் சனம் இருக்கிறது என்பதைப் பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

முறை வைப்பதற்கு என் முழு ஆதரவு. காரணம், சிங்களப் படம் ஒன்று வாக்கெடுப்பில் ஒருநாளும் வெல்லாது. எனக்குச் சிங்களம் ஓரளவு ஓடும். அம்பாறை நகரில் வேலை செய்து பழகியது. என் முறை வந்தால் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' தான். 1997இல் எடுத்த படம். போரில் இறந்துவிட்டான் என்று மகனை முத்திரையிட்ட பெட்டியில் அனுப்புகிறார்கள். கண் தெரியாத தகப்பன் நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட மறுக்கிறார். தகப்பனாக நடித்த ஜோ அபேவிக்ரமவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அந்தக் கிழவர் ஒரு வரி வசனமில்லாமல் குளத்தங்கரையில் நடக்கும்போது. 2000இல் இங்கே திரையிடத் தடை விதித்தார்கள். உயர் நீதிமன்றம் போய் அடுத்த ஆண்டு வெளியே வந்தது. பெட்டி வராத வீடுகள் நிறைந்த நம் ஊரில் அந்தப் படத்தைத் தமிழில் யார் பார்த்திருக்கிறார்கள்?

அதனால் தமிழ் சப்டைட்டில் நானே செய்ய வேண்டும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப் போவதில்லை, சிங்களத்தைக் கேட்டுத்தான். இதில் கைவைத்தவர்களுக்குத் தெரியும், தமிழ் வரி திரையில் இடம் பிடிக்கும். இரண்டு வரிக்கு மேல் போனால் முகத்தை மறைத்துவிடும். வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். பாதி வசனத்தைச் சுருக்க வேண்டியிருக்கும். சுருக்குவதற்கு என்னைத் திட்ட விரும்புகிறவர்கள் முன்கூட்டியே வந்து உதவுங்கள்.

தாண்டவன்வெளி எழுதியது:

சப்டைட்டில் என்றதும் பழைய காயம் ஒன்று நினைவு வருகிறது. போன வருடம் ஒரு ஈரானியப் படத்தில் முதல் காட்சிகளில் எழுத்தும் வாயும் ஒட்டியிருந்தன, இடைவேளைக்குள் எழுத்து வெகுதூரம் விலகிவிட்டது. படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ஜி, எச் விசைகளைத் தட்டித் தட்டி ஒருவர் சரிசெய்துகொண்டே இருந்தார். அது ஒரு தட்டுக்கு 50 மில்லிசெக்கன் நகர்த்தும், அவ்வளவுதான். பிழை வேறு இடத்தில். படம் செக்கனுக்கு 25 சட்டகம், சப்டைட்டில் 23.976 சட்டகப் பிரதிக்குச் செய்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகும். நகர்த்துவதால் தீராது, வேகத்தையே மாற்றிச் சேமிக்க வேண்டும். வீட்டில் படத்தின் கடைசி வசனத்துக்குப் போய் ஒட்டுகிறதா என்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தென்கோடி, கோப்பை யூனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பைதான் ஓடும்.

தென்கோடி எழுதியது:

பாமினியை நான் விட்டுப் பல காலம் சேர். ஆனால் கடைசி வசனத்தைப் பார்க்கும் உபாயம் நல்லது.

காரைதீவு எழுதியது:

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். இப்படிக் காட்டுவதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா? வீட்டில் பார்க்க வாங்கிய வட்டை மண்டபத்தில் முப்பது பேருக்குப் போட்டால் அது வேறு விடயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் திரைப்படங்களுக்கு எழுபது ஆண்டுப் பாதுகாப்புக் கொடுக்கிறது. எழுதுகிறவர்கள் நாம். நம் கட்டுரையை ஒருவர் எடுத்துத் தன் பெயரில் போட்டால் எவ்வளவு கத்துகிறோம்?

நான் சொல்வது படம் காட்டாதே என்பதல்ல. கேட்டுக் காட்டுவோம் என்பது. இந்த நாட்டில் படம் எடுக்கிறவர்கள் எட்டாத தூரத்தில் இல்லை. ஒரு கடிதம் எழுதினால் குறும்பட இயக்குநர்களில் பலர் மகிழ்ச்சியோடு பிரதியும் தருவார்கள், பஸ் ஏறி வந்து பேசவும் செய்வார்கள். டிக்கெட் விற்காமல், சுவரொட்டி ஒட்டாமல், அங்கத்தவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதும் நல்லது. பகிரங்கக் காட்சி என்று ஆகிவிட்டால் தணிக்கைச் சபை அனுமதி வரை பேச்சு போகும்.

பதில் வராத மாதங்களுக்கு மௌனப் படங்கள் இருக்கின்றன. பஸ்டர் கீற்றனின் 'த ஜெனரல்' 1926இல் வந்தது, உரிமைத் தொல்லை முடிந்தது. சப்டைட்டில் சண்டையும் இல்லை. ரயிலைத் துரத்தும் மனிதனைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தமிழும் வேண்டாம் சிங்களமும் வேண்டாம்.

கல்லடிக்காரன் எழுதியது:

அயல் அம்மாமார் அங்கத்தவர்களா?

காரைதீவு எழுதியது:

இப்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள். சந்தா வேண்டாம்.

மருதமுனை வாசகி எழுதியது:

நீதிமன்றம், லக்ஸ், சட்டகம் எல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். என் பஸ்ஸுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வாவிக்கரை எழுதியது:

வந்துவிட்டது. பேசியதில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன், ஏற்காதவர்கள் கீழே திட்டலாம்.

ஒற்றை மாதங்களில் கல்லடி, இரட்டை மாதங்களில் கல்முனை. போயா விடுமுறை நாள், பின்னேரம் மூன்று மணி, உள் மண்டபம், கறுப்புத் துணி. ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பேச்சு இல்லை. அதற்கு மேல் சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் தேநீர்க்கடையில் தொடரலாம். இதன் பொருள், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட படம் வேண்டாம் என்பதுதான். கல்லடிக்காரனின் மாடு தப்பியது. போயா நோன்பு மாதத்திலோ குளிர்த்தியிலோ விழுந்தால் அந்த மாதம் வேறு நாள், அதை மருதமுனை வாசகியும் அமிர்தகழி அண்ணனும் சேர்ந்து குறிப்பார்கள். கூத்துக் களரிக் கிழவரைப் போல் படம் ஓடும்போது கருத்துச் சொல்லலாம், கைத்தொலைபேசி கூடாது. முடிந்ததும் எழுதுவது பதினைந்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்தது. அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

வாக்கெடுப்பு இல்லை.

கல்லடிக்காரன் எழுதியது:

வாக்கெடுப்பை ஒழிப்பதற்கு ஒரு வாக்கெடுப்பாவது வைத்திருக்கலாம். சரி, ஒரு வருடம் பார்ப்போம். ஆனால் என் முறை வரும் மாதம் நான் கொண்டுவருவது பாட்டும் சண்டையும் உள்ள படம். யாரும் மறுக்க முடியாது, நீங்களே எழுதிய சட்டம். அதற்கும் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுத வேண்டும், முகத்தைச் சுளிக்காமல்.

அமிர்தகழி எழுதியது:

பெப்ரவரியை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

வாவிக்கரை எழுதியது:

உங்கள் முறையைப் பெப்ரவரியில் போட்டுவிட்டேன் அண்ணன். மாலை மட்டும் வேண்டாம்.

தென்கோடி எழுதியது:

முதல் முறையை எனக்குத் தாருங்கள், ஆனால் இரண்டு மாதம் கழித்து. அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், சப்டைட்டிலும் முடிய வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் கீற்றன். சிங்களம் தெரிந்த இருவர், சிங்களமே தெரியாத ஒருவர் சரிபார்க்கத் தேவை. தெரியாதவர்தான் முக்கியம், அவருக்கு விளங்காத வரியை நான் மறுபடி எழுதுவேன்.

மருதமுனை வாசகி எழுதியது:

தெரியாதவள் நான். அனுப்புங்கள் காக்கா. கல்முனை மண்டபத்தில் செருகியிலிருந்து நடுமேசைக்குப் பன்னிரண்டு மீற்றராவது இருக்கும், நீள வயர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய ஒப்பரேட்டர் எழுதியது:

என்னிடம் இருக்கிறது. கொண்டுவருவேன், ஆனால் நானேதான் சுற்றுவேன். உங்களில் யாருக்கும் வயர் சுற்றத் தெரியாது.